48 மணி நேரத்துக்கு முந்தைய ஐந்து நிமிடங்கள்: குருதிப்போக்கைத் தடுக்கும் கல்வி யாருக்கு?

2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' என்னும் திட்டத்தை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்தார். தமிழ்நாட்டின் எல்லைக்குள் சாலை விபத்தில் காயமடையும் எவருக்கும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் என்பது அதன் சாரம். காயமடைந்தவர் எந்த மாநிலத்தவர், காப்பீட்டு அட்டை வைத்திருக்கிறாரா என்னும் கேள்விகள் கேட்கப்படமாட்டா. அரசு மருத்துவமனைகளும் தனியார் மருத்துவமனைகளுமாகத் தொடக்கத்திலேயே 609 மருத்துவமனைகள் இதில் இணைக்கப்பட்டன. 81 வகைச் சிகிச்சைகளுக்கு ஒருவருக்கு ஓர் இலட்சம் ரூபாய் வரை வழங்கப்படும் என அறிவிக்கப்பட்டது. வரவேற்கத்தக்க திட்டம் இது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்த 48 மணி நேரம் மருத்துவமனையின் வாயிலில்தான் தொடங்குகிறது. அந்த வாயிலை அடைவதற்கு முன் கழியும் நிமிடங்கள் எவருடைய பொறுப்பு என்பதை எந்தத் திட்டமும் இன்னும் சொல்லவில்லை.

மேல்மருவத்தூரைக் கடந்து அதே நெடுஞ்சாலையில் தெற்கே வந்தால் திண்டிவனம். அங்கிருந்து புதுச்சேரிக்குப் பிரியும் சாலையில் ஓமந்தூர். நாடு விடுதலை பெற்ற ஆண்டில் சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த ஓமந்தூர் பி. ராமசாமி ரெட்டியார் பிறந்த ஊர். சென்னையில் அவர் பெயரால் அழைக்கப்படும் அரசினர் தோட்டத்தில் 2014 முதல் பன்னோக்கு உயர்சிறப்பு மருத்துவமனை இயங்குகிறது. ஊரின் பெயரைத் தாங்கிய மருத்துவமனைக்கும் ஊருக்கும் இடையே நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு. ஓமந்தூர்ப் பகுதியில் ஒருவர் படுகாயமடைந்தால் ஒருபுறம் திண்டிவனம் அரசு மருத்துவமனை, மறுபுறம் புதுச்சேரி ஜிப்மர், இன்னொரு திசையில் முண்டியம்பாக்கத்தில் உள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி ஆகியவையே புகலிடங்கள். 2008 முதல் இயங்கும் 108 ஊர்தி வந்து சேரவும், ஏற்றிக்கொண்டு செல்லவும் நேரம் தேவை. தொடையின் பெருந்தமனி அறுபட்டவருக்கு அந்த நேரம் வாய்ப்பதில்லை.

வளர்ந்த மனிதர் ஒருவரின் உடலில் ஓடும் குருதி ஏறத்தாழ ஐந்து லிட்டர். அதில் இரண்டு லிட்டர் வெளியேறிவிட்டால் உயிர் தத்தளிக்கும். பெரிய தமனி துண்டிக்கப்பட்டால் அந்த அளவு குருதி சில நிமிடங்களில் மண்ணில் கலந்துவிடும். எனவே உயிர் பிழைப்பதும் இறப்பதும் பெரும்பாலும் மருத்துவரின் கையில் இல்லை; அந்த இடத்தில் நிற்கும் மனிதரின் கையில் இருக்கிறது. அந்தக் கை பயிற்சி பெற்றதா, அது நீளுமா, எவர் உடலை நோக்கி நீளும் என்னும் மூன்று கேள்விகளும் தமிழ்நாட்டில் சாதியோடு பிணைந்த கேள்விகள்.

மூன்று வகைக் காயங்கள்

விழுப்புரம் மாவட்டத்தில் பெருங்குருதிப்போக்கு மூன்று வழிகளில் நேர்கிறது. முதலாவது சாலை. ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கின்படி 2022இல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் நேர்ந்தன; நாட்டிலேயே எண்ணிக்கையில் இதுவே முதலிடம். அவற்றில் 17,884 பேர் உயிரிழந்தனர். சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் ஒரு மணி நேரத்துக்குள் உரிய சிகிச்சை கிடைத்தால் இறப்புகளில் பாதியைத் தவிர்க்கலாம் என்று 2006இல் வெளியான சட்ட ஆணையத்தின் 201ஆவது அறிக்கை சுட்டிக்காட்டியது. நெடுஞ்சாலையை ஒட்டிய சேரிகளின் மக்கள் அதிகாலையில் நடந்தும் மிதிவண்டியிலும் வேலைக்குச் செல்பவர்கள். சரக்கு வண்டியின் பின்புறத்தில் நின்றபடி பயணம் செய்பவர்கள். காரில் செல்வோருக்கு இருக்கும் இரும்புக்கூடும் காற்றுப்பையும் அவர்களுக்கு இல்லை.

இரண்டாவது வயலும் குவாரியும். கரும்பு விளையும் மாவட்டம் இது. வெட்டும் பருவத்தில் மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு வயலில் தங்கிக் கரும்பு வெட்டுபவர்களில் தலித்துகளும் இருளர்களும் கணிசமானோர். கூர்தீட்டிய கத்தி ஒருமுறை தவறினால் கெண்டைக்காலோ மணிக்கட்டோ பிளக்கும். வானூர் வட்டத்தில் திருவக்கரையைச் சூழ்ந்த கல்குவாரிகளிலும் கிரஷர்களிலும் தெறிக்கும் கல்லும் சுழலும் பட்டையும் இதே வேலையைச் செய்கின்றன.

மூன்றாவது அரிவாள். 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையத்தில் பட்டப்பகலில், பலர் கண்முன்னே, சாதி மறுப்புத் திருமணம் செய்துகொண்ட சங்கரும் கௌசல்யாவும் வெட்டப்பட்டனர். ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்து, வெட்டியவர்கள் வண்டியேறிச் சென்றனர். கோவை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் வழியில் சங்கர் உயிரிழந்தார், கௌசல்யா பிழைத்தார். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவர் வீட்டுக்குள்ளேயே உடன் படிக்கும் மாணவர்களால் வெட்டப்பட்டார். தடுக்கச் சென்ற தங்கையும் வெட்டுப்பட்டார். இருவரையும் மருத்துவர்கள் காப்பாற்றினர். விழுப்புரம் மண்ணுக்கும் இது புதிதன்று. 1978 ஜூலையில் விழுப்புரம் நகரில் 12 தலித்துகள் கொல்லப்பட்டதை இம்மாவட்டம் இன்னும் மறக்கவில்லை.

முதலுதவி தெரிந்தவர் அருகில் இருந்திருந்தால் இன்னார் பிழைத்திருப்பார் என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. தலையிலும் மார்பிலும் வயிற்றிலும் விழும் வெட்டுகளை அறுவை அரங்கில்தான் சரிசெய்ய முடியும். ஆனால் கை, கால், தோள், இடுப்பு மடிப்பு ஆகிய இடங்களில் விழும் காயங்களின் குருதியைச் சாதாரண மனிதர் தம் இரு கைகளால் நிறுத்திவைக்க முடியும். அவ்வாறு நிறுத்தக்கூடிய குருதி ஓடிக்கொண்டிருக்கும்போது சூழ நிற்பவர்கள் அறியாமையாலோ அச்சத்தாலோ சாதியாலோ கைகட்டி நிற்பது தவிர்க்கக்கூடிய இறப்பு. அரசியல் கேள்வி இங்கேதான் எழுகிறது.

காரணம் பார்க்கும் சட்டம்

காயத்திலிருந்து பாயும் குருதி அது எதனால் வந்தது என்று பார்ப்பதில்லை. நம் சட்டங்களும் திட்டங்களும் பார்க்கின்றன. 'நம்மைக் காக்கும் 48' சாலை விபத்துக்கு மட்டுமே. கரும்பு வெட்டும்போது காலைப் பிளந்துகொண்ட பெண் அத்திட்டத்தின் வரம்புக்குள் வரமாட்டார். அரசு மருத்துவமனையில் அவருக்குக் கட்டணமின்றிச் சிகிச்சை கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் அருகிலுள்ள தனியார் மருத்துவமனை விபத்தில் சிக்கியவரை அரசின் செலவில் சேர்த்துக்கொள்வதுபோல் அவரைச் சேர்த்துக்கொள்ளாது.

உதவ முன்வருபவருக்கான சட்டப் பாதுகாப்பும் இப்படியே. காயமடைந்தவருக்கு உதவினால் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அலைய வேண்டியிருக்கும் என்னும் அச்சம் நாடெங்கும் நிலவியது. அதைப் போக்க சேவ்லைஃப் அறக்கட்டளை தொடுத்த வழக்கில் 2016 மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம், ஒன்றிய அரசு வகுத்த வழிகாட்டு நெறிகளுக்குச் சட்ட வலுவளித்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134அ பிரிவு சேர்க்கப்பட்டது. நல்லெண்ணத்தோடு உதவியவர்மீது, அவர் உதவும்போது தவறு நேர்ந்து காயமடைந்தவருக்குத் தீங்கு விளைந்தாலும், உரிமையியல் வழக்கோ குற்றவியல் வழக்கோ தொடுக்க முடியாது என்று அப்பிரிவு கூறுகிறது. 2020 செப்டம்பரில் வந்த விதிகள், உதவியவரின் பெயரையும் முகவரியையும் கட்டாயப்படுத்திக் கேட்கக் கூடாது என்கின்றன. மதம், நாடு, சாதி, பாலினம் ஆகியவற்றின் அடிப்படையில் வேறுபாடு காட்டாமல் அவரை மரியாதையுடன் நடத்த வேண்டும் என்றும் வலியுறுத்துகின்றன. சாதி என்னும் சொல் அந்த விதிக்குள் இடம்பெற்றிருப்பதைக் கவனிக்க வேண்டும். அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்குள் நுழையும் மனிதரின் சாதியும் இந்நாட்டில் கேட்கப்படும் என்பதைச் சட்டம் இயற்றியவர்கள் அறிந்திருக்கிறார்கள்.

ஆனால் இந்தப் பாதுகாப்பு முழுவதும் மோட்டார் வாகனச் சட்டத்துக்குள் அடங்கியது. விபத்து நடந்த இடத்தில் உதவுபவரையே அது காக்கிறது. வெட்டுப்பட்டு வீழ்ந்தவரின் காயத்தை அழுத்திப் பிடிப்பவருக்கு அப்பிரிவு பொருந்தாது. அவர் அந்த நொடியிலேயே வன்கொடுமை வழக்கொன்றின் கண்கண்ட சாட்சியாகிவிடுகிறார். ஊரில் வாழ வேண்டிய அவர் எதற்கு அஞ்சுகிறார் என்பதை விளக்கத் தேவையில்லை. ஒப்புதல் பெற இயலாத நிலையில் ஒருவரின் நன்மைக்காக நல்லெண்ணத்துடன் செய்யும் செயல் குற்றமாகாது என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 30ஆவது பிரிவு சொல்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 15அ பிரிவு, பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்பு அளிக்கும் கடமையை அரசின்மீது சுமத்துகிறது. ஆகவே சட்டம் முற்றிலும் கைவிட்டுவிடவில்லை. ஆனால் பேருந்து நிலையத்தில் நிற்கும் சாதாரண மனிதர் இவற்றைப் படித்திருக்கமாட்டார். '108க்கு அழைத்தாலே போதும், பெயர் கேட்கமாட்டார்கள்' என்பதுபோல் ஒரே வரியில் சொல்லக்கூடிய உறுதிமொழி விபத்துக்கு உண்டு, வெட்டுக்காயத்துக்கு இல்லை.

பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் அரசமைப்புச் சட்டத்தின்படி மாநிலப் பட்டியலில் உள்ளவை. எந்தக் காரணத்தால் நேர்ந்த காயமாயினும் உதவியவருக்கு 134அ பிரிவுக்கு நிகரான பாதுகாப்பை அளிக்கும் சட்டத்தைத் தமிழ்நாடு சட்டமன்றமே இயற்ற முடியும். காவல்துறையின் நடைமுறைகளுக்காகக் காத்திராமல் முதலில் உயிரைக் காக்க வேண்டும் என்று பரமானந்த கட்டாரா வழக்கில் 1989இலேயே உச்ச நீதிமன்றம் மருத்துவர்களுக்கு ஆணையிட்டது. அந்தக் கடமை காயத்தின் காரணத்தைப் பார்க்கவில்லை. மருத்துவருக்கு வகுத்த அதே நெறியை உதவ வரும் மனிதருக்கும் விரிப்பதே இப்போதைய தேவை.

கற்க வேண்டியது எவ்வளவு?

அமெரிக்காவில் 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளியில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பின், அறுவை மருத்துவர்கள் கூடி, குருதிப்போக்கைத் தடுக்கும் திறன் காவலர்க்கும் பொதுமக்களுக்கும் பரவ வேண்டும் என்று முடிவுசெய்தனர். 2015 அக்டோபரில் அது நாடு தழுவிய இயக்கமாயிற்று. போர்க்களத்தில் கற்ற பாடமே அதன் அடித்தளம். பாக்தாத் போர் மருத்துவமனையில் நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஓர் ஆய்வில், அதிர்ச்சிநிலை தோன்றுவதற்கு முன்பே கை அல்லது காலில் இறுக்குக்கட்டுப் போடப்பட்டவர்களில் 90 விழுக்காட்டினர் பிழைத்தனர். அதிர்ச்சிநிலைக்குப் பின் போடப்பட்டவர்களில் பிழைத்தவர்கள் 10 விழுக்காட்டினரே. கருவி ஒன்றே, போடப்பட்ட நேரம் மட்டுமே வேறு.

அந்த இயக்கத்தின் அடிப்படைப் பயிற்சிக்கு ஒன்றரை மணி நேரம் போதும். அதன் உள்ளடக்கத்தை எழுத்தறியாதவருக்கும் சொல்லிவிடலாம். முதலில் தம் பாதுகாப்பை உறுதிசெய்து, 108க்கு ஒருவரை அழைக்கச் சொல்ல வேண்டும். கையுறை இல்லையெனில் பாலித்தீன் பையைக் கையில் மாட்டிக்கொள்ளலாம். துணியை விலக்கி அல்லது கிழித்து, குருதி எங்கிருந்து வருகிறது என்று கண்ணால் காண வேண்டும். பீய்ச்சியடித்தாலும், தரையில் தேங்கினாலும், துணி நனைந்துகொண்டே இருந்தாலும் அது உயிர்க்கேடான குருதிப்போக்கு. தூய துணியைக் காயத்தின்மீது வைத்து, இரண்டு உள்ளங்கைகளாலும் உடலின் எடை முழுவதையும் செலுத்தி அழுத்த வேண்டும். 'நின்றுவிட்டதா' என்று பார்ப்பதற்காக இடையிடையே கையை எடுக்கக் கூடாது. துணி நனைந்தால் அதன்மேல் இன்னொன்றை வைத்து அழுத்தத்தைத் தொடர வேண்டும். தோள், அக்குள், இடுப்பு மடிப்பு ஆகிய இடங்களில் ஆழமான காயம் இருந்தால், துணியைக் காயத்தின் உட்புறம்வரை விரலால் திணித்து நிரப்பி, அதன்மேல் அழுத்த வேண்டும்.

கையிலோ காலிலோ அழுத்தியும் நிற்காவிட்டால், டூர்னிகே எனப்படும் இறுக்குக்கட்டைக் காயத்துக்கு ஐந்து முதல் எட்டு சென்டிமீட்டர் மேலே, மூட்டின்மீது படாமல் கட்ட வேண்டும். ஆயத்தக் கருவி இல்லையெனில் நான்கு விரற்கிடை அகலத்துக்கு மடித்த துணியைக் கட்டி, அதில் உறுதியான குச்சியைச் செருகி, குருதி நிற்கும்வரை முறுக்கி, குச்சி அவிழாதபடி பிணைக்க வேண்டும். கயிறு, கம்பி, சணல் போன்ற மெல்லியவை தசையை அறுக்குமே தவிரக் குருதியை நிறுத்தா. வலி கடுமையாக இருக்கும். அதற்காகத் தளர்த்தக் கூடாது. கட்டிய நேரத்தைக் குறித்துவைத்து மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மருத்துவமனை சேரும்வரை அதை எவரும் அவிழ்க்கக் கூடாது.

செய்யக் கூடாதவற்றையும் சொல்ல வேண்டும். காப்பித்தூள், மஞ்சள்தூள், மண்ணெண்ணெய், சாம்பல் ஆகியவற்றைக் காயத்தில் கொட்டுவது பழக்கத்தில் உள்ளது. அவை பெருங்குருதிப்போக்கை நிறுத்துவதில்லை. அறுவை மருத்துவரின் வேலையைக் கடினமாக்கிக் கிருமித்தொற்றை அழைக்கின்றன. உடலில் செருகி நிற்கும் கத்தியையோ கம்பியையோ பிடுங்கக் கூடாது. குடிக்க எதுவும் கொடுக்கக் கூடாது. குருதி இழந்தவரின் உடல் குளிர்ந்தால் குருதி உறைவது தடைப்படும். எனவே போர்வையால் மூட வேண்டும். துண்டான விரலையோ கையையோ ஈரத்துணியில் சுற்றி, பாலித்தீன் பையில் இட்டுக் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டி கலந்த நீரில் வைத்து எடுத்துச் செல்ல வேண்டும்; பனிக்கட்டி நேராகத் தசையில் படக் கூடாது.

படித்தால் மட்டும் இது கைவராது. பஞ்சுத் திண்டில் துளையிட்டு அதில் துணியைத் திணித்துப் பார்த்தவருக்கும், தோழரின் கையில் இறுக்குக்கட்டை முறுக்கிப் பார்த்தவருக்குமே நெருக்கடியில் கை நடுங்காது. அதனால்தான் துண்டறிக்கையும் சுவரொட்டியும் பயிற்சிக்கு மாற்றாகமாட்டா.

தொடுதல் என்னும் சிக்கல்

குருதிப்போக்கைத் தடுக்கும் முறை முழுவதும் தொடுதலால் ஆனது. அயலவர் ஒருவரின் குருதியில் கைவைத்து, அவர் உடலோடு உடல் சேர்த்து நிமிடக்கணக்கில் அழுத்திக்கொண்டிருப்பது. தீண்டாமை கோலோச்சும் சமூகத்தில் இதைவிடக் கடினமான பாடம் வேறில்லை. 1947இல் ஓமந்தூராரின் ஆட்சிக்காலத்தில்தான் சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவுச் சட்டம் நிறைவேறியது. அவர் பிறந்த அதே மாவட்டத்தில், 76 ஆண்டுகளுக்குப் பின், மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலுக்குள் நுழைந்த தலித் இளைஞர்கள் தாக்கப்பட்டனர். சிக்கலைத் தீர்க்க வழியறியாத நிர்வாகம் 2023 ஜூன் 7 அன்று கோயிலுக்குப் பூட்டிட்டு முத்திரை வைத்தது. சட்டம் கதவைத் திறக்கலாம். பழகிய கைகளும் கால்களும் திறந்த கதவின்முன் தயங்கி நின்றுவிடுகின்றன. 134அ பிரிவும் அவ்வாறே. வழக்கு வராது என்று அது உறுதிகூறும். சேரி மனிதரின் காயத்தில் கைவைக்க ஊரார் ஒருவரை அது மட்டுமே வரவழைக்காது.

இதன் மறுபக்கத்தையும் காண வேண்டும். குருதியும் பிணமும் கழிவும் யாருடைய வேலை என்பதைச் சாதி முன்பே பங்கிட்டுவைத்திருக்கிறது. தண்டவாளத்தில் சிதைந்த உடலையும் கிணற்றில் மிதக்கும் உடலையும் தூக்க யார் அழைக்கப்படுகிறார்கள் என்பதை ஊர்ப்புறத்தில் வளர்ந்த எவரும் அறிவர். முதலுதவிப் பயிற்சியைச் சேரிகளிலும் ஆதிதிராவிடர் நல விடுதிகளிலும் மட்டும் நடத்தினால், 'அடிபட்டவனைத் தூக்க அவர்களைக் கூப்பிடு' என்னும் பழைய ஏவல் சான்றிதழோடு திரும்பி வரும். தலித் இளைஞர்கள் இத்திறனைப் பெற வேண்டும், முதலில் தம் மக்களின் உயிரைக் காக்க. அதே பயிற்சி அதே நாளில் ஊர்த்தெருவுக்கும் செல்ல வேண்டும். இரு பகுதியினரும் ஒரே அறையில் ஒருவர் கையில் ஒருவர் கட்டுப்போட்டுப் பழக வேண்டும். சகோதரத்துவம் என்று அண்ணல் அம்பேத்கர் அரசமைப்புச் சட்டத்தின் முகப்பில் இடம்பெறச் செய்த சொல்லுக்கு நடைமுறைப் பாடமாக இதைவிடப் பொருத்தமான ஒன்றைக் காண்பது அரிது.

நாங்குநேரி நிகழ்வுக்குப் பின் அமைக்கப்பட்ட நீதியரசர் கே. சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், மாணவர்கள் சாதி அடையாளமாகக் கையில் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடைசெய்யப் பரிந்துரைத்தது. தடை வேண்டியதே. கயிற்றை அவிழ்த்த கைக்குச் செய்வதற்கு ஒரு வேலையும் வேண்டும். பக்கத்து இருக்கை மாணவரின் உயிரைக் காக்கும் பயிற்சி அந்த வேலையாகலாம்.

பணியிடங்களின் வெற்றுப் பெட்டிகள்

தொழிலாளர் சட்டங்கள் முதலுதவியை மறந்துவிடவில்லை. 150 தொழிலாளர்களுக்கு ஒன்று என்ற கணக்கில் முதலுதவிப் பெட்டியும், அதற்குப் பொறுப்பாக முதலுதவிச் சான்றிதழ் பெற்ற ஒருவரும் இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வகுத்தது. சட்டத்தின் பார்வையில் கல்குவாரியும் சுரங்கமே. 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம் அங்கும் பெட்டியையும் பயிற்சி பெற்றவரையும் கோரியது. 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம், நூறு நாள் வேலைத்தளத்தில் குடிநீர், நிழல் ஆகியவற்றோடு முதலுதவிப் பெட்டியையும் வலியுறுத்தியது. பேருந்து நடத்துநர் உரிமம் பெறவும் முதலுதவிச் சான்றிதழ் வேண்டும். கத்தியோடு நாள் முழுதும் போராடும் கரும்பு வெட்டும் தொழிலாளிக்கோ இவற்றில் எதுவும் இல்லை. அவருக்கு முதலாளி யார் என்பதே தெளிவற்றது: ஆலையா, நிலவுடைமையாளரா, மேஸ்திரியா? ஒவ்வொருவரும் மற்றவரைச் சுட்டிக்காட்டும் வேளையில் பெட்டி வயலுக்கு வருவதே இல்லை.

பெட்டி இருக்கும் இடங்களிலும் அதற்குள் இருப்பவை சிறு காயங்களுக்கான களிம்பும் ஒட்டுப்பட்டையும் மட்டுமே எனில் பயனில்லை. அகலமான துணிச்சுருள்கள், கையுறை, கத்தரிக்கோல், ஆயத்த இறுக்குக்கட்டு, நேரம் குறிக்க ஒரு மை எழுதுகோல் ஆகியவை போதும். அதைவிட முதன்மையானது பெட்டி எங்கே வைக்கப்படுகிறது என்பது. நியாயவிலைக் கடையும் குடிநீர்த் தொட்டியும் ஊர்த்தெருவில் அமைந்ததால் சேரி மக்கள் எதிர்கொண்ட இழிவுகள் நாம் அறிந்தவை. உயிர்காக்கும் பெட்டியும் ஊராட்சி அலுவலகத்தின் பூட்டிய அலமாரிக்குள் இருந்தால், இரவு பத்து மணிக்குச் சேரியில் காயம்பட்டவருக்கு அது இல்லாததற்கு நிகர்.

என்ன கோர வேண்டும்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, பிரிக்கப்படாத விழுப்புரம் மாவட்ட மக்களில் பத்தில் ஏறத்தாழ மூன்று பேர் பட்டியல் சாதியினர். அவ்வளவு பெரிய மக்கள்திரளின் உயிரோடு தொடர்புடைய கல்வி, தன்னார்வ அமைப்புகளின் விருப்பத்துக்கு விடப்பட்டிருக்கக் கூடாது. அதை அரசின் கடமையாகக் கோர வேண்டும். தமிழ்நாடு விபத்து மற்றும் அவசரச் சிகிச்சை முன்னெடுப்பு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளைச் சீரமைத்துவருகிறது; அதன் கரம் மருத்துவமனைக்கு வெளியே, மக்கள் கூடும் இடங்களுக்கு நீள வேண்டும். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடுவீடாகச் செல்லும் பெண் சுகாதாரத் தன்னார்வலர்களுக்கு இப்பயிற்சி அளித்தால், ஒவ்வோர் ஊராட்சியிலும் ஒரு பயிற்றுநர் உருவாவார். அதற்கு உரிய ஊதியமும் வழங்கப்பட வேண்டும். பெண்களின் உழைப்பைச் சேவை என்ற பெயரில் இலவசமாகப் பெறக் கூடாது. ஒன்பதாம் வகுப்பு முதல் ஆண்டுக்கு ஒருமுறை செய்முறைப் பயிற்சி வேண்டும். அது தேர்வுக்கான மனப்பாடப் பகுதியாகச் சுருங்கிவிடக் கூடாது. கரும்பு வெட்டும் குழு ஒவ்வொன்றுக்கும் பருவத் தொடக்கத்தில் பெட்டியும் பயிற்சியும் அளிக்கும் பொறுப்பைச் சர்க்கரை ஆலையின்மீது சுமத்தும் அரசாணை வேண்டும். எந்தக் காயத்துக்கு உதவியவருக்கும் பாதுகாப்பளிக்கும் மாநிலச் சட்டம் வேண்டும்.

அரசு அசையும்வரை கல்லூரி மாணவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. திண்டிவனம் ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரியிலும் விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியிலும் உள்ள மாணவர்கள், நாட்டு நலப்பணித் திட்டம், இளைஞர் செஞ்சிலுவைச் சங்கம் ஆகியவற்றின் ஆண்டுத் திட்டத்தில் இதைச் சேர்க்கக் கோரலாம். நல்லெண்ண உதவியாளரின் உரிமைகளை ஆங்கிலம், இந்தி, வட்டார மொழி ஆகியவற்றில் ஒவ்வொரு மருத்துவமனையும் வாயிலில் எழுதிவைக்க வேண்டும் என்று 2020ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. அந்தப் பலகை தம் ஊர் மருத்துவமனை வாயிலில் தமிழில் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை. இல்லையெனில் எழுத்து மூலம் முறையிடலாம்.

குடியரசு நாளும் விடுதலை நாளும் உட்பட ஆண்டுக்கு ஆறு நாள்கள் கிராம சபை கூடுகிறது. அடுத்த கூட்டத்தில் ஓமந்தூர் போன்ற ஒவ்வோர் ஊராட்சியிலும் முன்மொழிய வேண்டிய தீர்மானம் மூன்று வரிகளில் அடங்கும். ஊருக்கும் சேரிக்கும் பொதுவாக, அனைவரும் தடையின்றி நுழையக்கூடிய பள்ளிக் கட்டடத்தில் குருதிப்போக்குத் தடுப்புப் பயிற்சி நடத்தப்பட வேண்டும். சேரியில் ஒன்று, ஊரில் ஒன்று, சாலையோரத்தில் ஒன்று என மூன்று பெட்டிகள் பூட்டின்றி வைக்கப்பட வேண்டும். பயிற்சி பெற்றோர் பட்டியலில் இரு பகுதியினரின் பெயர்களும் இருக்க வேண்டும். இத்தீர்மானத்தை எதிர்ப்பவர் எவராயினும், தாம் எதை எதிர்க்கிறோம் என்பதைச் சபையில் எழுந்து நின்று சொல்லட்டும்.